டாங்கி சேற்றில் சிக்கினால்

ராணுவத்தில் வண்டி பழுதுபார்ப்பவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. பட்டறையில் எஞ்சினைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவது இவர்கள் வேலை அல்ல. சேற்றில் புதைந்த டாங்கி, பள்ளத்தில் கவிழ்ந்த லாரி, குண்டடி பட்டு நடுவழியில் நின்றுபோன கவச வண்டி ஆகியவற்றை அவை கிடக்கும் இடத்துக்கே போய்ப் பட்டறைவரை கொண்டுவந்து சேர்ப்பவர்கள் இவர்கள். ரெக்கவரி மெக்கானிக் என்பது இவர்களுக்கான பெயர். நெடுஞ்சாலையில் ரெக்கவரி வேன் செய்வதும் ஏறத்தாழ இதே காரியம்தான். ஆனால் இங்கே தூக்க வேண்டிய வண்டி 40 டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதற்குள் வெடிமருந்து இருக்கும். சில நேரம் எதிரி பார்த்துக்கொண்டும் இருப்பான்.

இந்திய ராணுவத்தில் இந்தப் பொறுப்பு இ.எம்.இ. எனப்படும் மின்னணு, இயந்திரப் பொறியாளர் படைப்பிரிவுக்கு உரியது. துப்பாக்கி முதல் ரேடார் வரை ராணுவத்தில் பழுதாகக்கூடிய எல்லாவற்றையும் சரிசெய்யும் பிரிவு இது. 'கர்ம் ஹி தர்ம்', அதாவது செயலே அறம், என்பது அதன் முழக்கம். காலாட்படையில் கடைநிலை வீரரைச் சிப்பாய் என்பார்கள். இங்கே அதே நிலையில் இருப்பவருக்குக் கிராஃப்ட்ஸ்மேன் என்று பெயர். முதலில் வீரர், பிறகு மெக்கானிக் என்பதுதான் வரிசை. துப்பாக்கிப் பயிற்சியை முடித்த பிறகே ஸ்பேனர் கைக்கு வரும்.

இப்படி ஒரு பிரிவு தேவை என்ற பாடத்தை ராணுவங்கள் இரண்டாம் உலகப் போரில் கற்றன. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மானியர்கள் சண்டை ஓய்ந்ததும் இரவோடு இரவாகத் தங்கள் டாங்கிகளை இழுத்துப்போய்ச் சரிசெய்து மறுபடி களத்தில் இறக்கினார்கள். டாங்கிப் போரில் சேதமாகும் வண்டிகள் எல்லாமே அழிந்துபோவதில்லை. சங்கிலித் தடம் அறுந்தது, எண்ணெய்க் குழாய் வெடித்தது, குழியில் இறங்கியது என்று சில மணி நேர வேலையில் சரியாகக்கூடியவை பல. அவை யார் கைக்குப் போகின்றன என்பதுதான் கேள்வி. சண்டை முடிந்த நிலம் எவரிடம் இருக்கிறதோ, இழுத்துப் போக எவரிடம் வண்டி இருக்கிறதோ அவர் மறுநாள் காலையில் கூடுதல் டாங்கிகளுடன் நிற்பார். பிரிட்டிஷ் ராணுவத்தில் அதுவரை பழுது பார்க்கும் வேலை பல பிரிவுகளிடையே சிதறிக் கிடந்தது. தொழில் தெரிந்த ஆட்கள் வீணாவதை ஆராய்ந்த பெவரிட்ஜ் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 1942 அக்டோபர் 1 அன்று இதற்கெனத் தனிப் படைப்பிரிவு உருவானது. அடுத்த ஆண்டே இந்தியாவிலும் அது வந்தது. 1943 அக்டோபர் 15-ஐ இ.எம்.இ. தன் நாளாக இன்றும் கொண்டாடுகிறது.

சுதந்திரம் வந்த மறு ஆண்டே பெரிய சோதனை ஒன்று வந்தது. காஷ்மீரில் லடாக்குக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டிருந்தது 3,500 மீட்டருக்கு மேல் உயரமுள்ள சோஜி லா கணவாய். காலாட்படையால் அதைப் பிடிக்க முடியவில்லை. டாங்கிகளை அங்கே ஏற்றுவது என்று ஜெனரல் திம்மையா முடிவு செய்தார். 7-வது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகளின் பீரங்கிக் கோபுரங்களைக் கழற்றி, எதிரிக்கு அடையாளம் தெரியாதபடி மூடி, பலவீனமான பாலங்களைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். கழுதைப் பாதையாக இருந்ததை டாங்கி போகும் வழியாக வெட்டிக் கொடுத்தவர்கள் ராணுவப் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ். 1948 நவம்பர் 1 அன்று டாங்கிகள் கணவாய்க்குள் நுழைந்தபோது பாகிஸ்தான் தரப்பு அதைக் கனவிலும் எதிர்பார்த்திருக்கவில்லை. வரலாற்றில் டாங்கிப் படையின் துணிவுக்கு உரிய பக்கம் கிடைத்துவிட்டது. கோபுரத்தைக் கழற்றி மாட்டுவது, குளிரில் எஞ்சினை உயிரோடு வைத்திருப்பது, சறுக்கிய வண்டியை மீண்டும் பாதையில் ஏற்றுவது போன்ற வேலைகளுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது.

1965-இல் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் நிலமே போராயுதமானது. அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றி இந்தியப் படைகள் லாட வடிவில் காத்திருந்தன. வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. கரும்பு ஆளுயரத்துக்கு நின்றது. செப்டம்பர் 8 முதல் 10 வரை நடந்த சண்டையில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் அந்த ஈர மண்ணில் வேகமிழந்து சிக்கின. இந்தியத் தரப்பின் கணக்கில் பாகிஸ்தான் இழந்தவை 97 டாங்கிகள். அவற்றில் கணிசமானவை பெரிய சேதமில்லாமல் கைவிடப்பட்டவை. சண்டைக்குப் பிறகு அவற்றை இழுத்து வந்து பிக்கிவிண்ட் அருகே ஒரே இடத்தில் நிறுத்தியபோது அந்த இடத்துக்குப் பாட்டன் நகர் என்றே பெயராயிற்று. பல ஊர்களில் வெற்றிச் சின்னமாக நிற்கும் பாட்டன்கள் இப்படி வயலிலிருந்து வெளியே எடுக்கப்பட்டவைதான்.

ஈர மண் ஒரு டாங்கியை என்ன செய்யும் என்று சிதம்பரம் பக்கத்து விவசாயிக்குப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட களிமண் வயலில், ஈரம் காயாத அறுவடைக் காலத்தில் டயர் டைப் அறுவடை மெஷின் இறங்கினால் அச்சுவரை புதையும். அதனால்தான் வாடகை கூடுதலானாலும் பெல்ட் டைப் மெஷினைத் தேடுகிறார்கள். எடையை அகலமான தடத்தில் பரப்பிவிட்டால் மண் தாங்கும் என்பதே அதன் சூத்திரம். டாங்கியும் இதே சூத்திரத்தில் ஓடுவதுதான். சுமார் 41 டன் எடையுள்ள டி-72 டாங்கி மண்ணில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவாகவே அழுத்துகிறது. சாதாரணக் காரின் டயர் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தும். ஆனாலும் தடங்கள் ஒருமுறை வழுக்கிச் சுழல ஆரம்பித்துவிட்டால் அவை மண்ணைத் தோண்டிக்கொண்டே போகும். வயிற்றுத் தகடு சேற்றில் உட்கார்ந்த பிறகு தடம் எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை. அனுபவமில்லாத ஓட்டுநர் அப்போதுதான் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்துவார். மீட்பவருக்கு வேலை இரட்டிப்பாகும்.

சிக்கிய வண்டியை அணுகியதும் ரெக்கவரி மெக்கானிக் கயிறை எடுப்பதில்லை. சுற்றி வந்து பார்க்கிறார். எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சரிவு, மண் மணலா களியா, வண்டியின் எஞ்சின் ஓடுகிறதா, தடம் முழுதாக இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து மனக்கணக்குப் போடுகிறார். இந்தக் கணக்குக்கு உலகெங்கும் ராணுவங்கள் கையாளும் எளிய விதி ஒன்று உண்டு. சக்கர மட்டத்துக்குப் புதைந்திருந்தால் வண்டியின் எடை அளவுக்கு இழுவிசை வேண்டும். சக்கரத்துக்கு மேலுள்ள மட்கார்டு வரை போயிருந்தால் எடையைப் போல் இரண்டு மடங்கு. கோபுரம் வரை என்றால் மூன்று மடங்கு. களிமண் வண்டியை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதால்தான் வெறும் எடையைவிட இவ்வளவு கூடுகிறது.

டி-72 மட்கார்டு வரை புதைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 82 டன் இழுவிசை வேண்டும். மீட்பு வண்டியில் கம்பிக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் பெரிய வின்ச் சுமார் 30 டன் இழுக்கும். நேராக மாட்டி இழுத்தால் கம்பிக் கயிறு அறும், அல்லது மீட்பு வண்டியே டாங்கியை நோக்கி நகரும். எனவே கப்பி வருகிறது. கயிறைக் கப்பிகள் வழியாக மடித்து மடித்து நான்கு இழையாகக் கட்டினால் கோட்பாட்டளவில் 120 டன். உராய்வில் போவதைக் கழித்தாலும் 82 கிடைத்துவிடும். இதற்கு விலை நேரம். வின்ச் 4 மீட்டர் கயிறு சுற்றினால் டாங்கி 1 மீட்டர்தான் நகரும். கோபுரம் வரை புதைந்த டாங்கிக்கு 123 டன் தேவை. அங்கே கப்பிகளின் உராய்வும் ஏறிக்கொண்டே போவதால் ஒற்றை மீட்பு வண்டியை நம்பி இறங்குவது அறிவல்ல. இரண்டாவது வண்டியை அழைக்க வேண்டும், அல்லது மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

மண்வெட்டிதான் இந்தத் தொழிலின் மதிப்புக் குறைவான, ஆனால் மிக முக்கியமான கருவி. தடத்துக்கு முன்னும் பின்னும் சாய்வாகச் சேற்றை அள்ளிவிட்டு, பக்கவாட்டில் காற்றுப் போக வழி வெட்டினாலே உறிஞ்சல் விட்டுப்போகும். இழுக்கும் திசையும் கணக்கில் சேரும். வண்டி போன திசைக்கு எதிராக, வந்த தடத்திலேயே பின்னோக்கி இழுத்தால் தேவையான விசையில் 10 சதவீதம் குறைத்துக்கொள்ளலாம். சிக்கிய டாங்கியின் எஞ்சின் ஓடி அதுவும் தன் தடங்களைச் சுழற்றிக் கொடுத்தால் 40 சதவீதம் குறையும். இரண்டும் சேர்ந்தால் பாதி வேலை மிச்சம். முன்னால் இழுத்து விடத் துடிக்கும் அதிகாரியிடம், பின்னால் இழுப்பதே லாபம் என்று ஒரு ஹவில்தார் பணிவாகவும் பிடிவாதமாகவும் எடுத்துச் சொல்ல வேண்டிய இடம் இது.

மீட்பு வண்டி வரும்வரை டாங்கிக் குழு சும்மா இருப்பதில்லை. டி-72, டி-90 டாங்கிகளின் பின்புறம் ஒரு பருத்த மரக்கட்டை கட்டித் தொங்குவதைக் குடியரசு தின அணிவகுப்புப் படங்களில் பார்க்கலாம். அலங்காரம் அல்ல அது. வயிறு தட்டி நின்ற டாங்கியின் இரண்டு தடங்களுக்கும் குறுக்காக அந்தக் கட்டையை வைத்துக் கம்பியால் தடத்தோடு பிணைப்பார்கள். முதல் கியரில் மெதுவாக நகர்த்தினால் தடம் கட்டையையும் இழுத்துக்கொண்டு அடியில் போகும். கட்டை சேற்றில் ஊன்றிக்கொள்ள, டாங்கி அதன்மேல் ஏறி ஒரு உடல் நீளம் நகர்ந்துவிடும். மறுபக்கம் கட்டை வெளியே வந்ததும் உடனே நிறுத்த வேண்டும். நிறுத்தத் தவறினால் அது மேலேறி மட்கார்டைப் பிய்த்தெறியும். நவீன டாங்கியின் கணினியெல்லாம் கைவிட்ட இடத்தில் ஒரு மரத்துண்டு காப்பாற்றுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

கட்டையால் முடியாதபோது பக்கத்து டாங்கி இழுக்கும். அதுவும் முடியாதபோதுதான் கவச மீட்பு வண்டி வரும். ராணுவத்தில் அதை ஏ.ஆர்.வி. என்பார்கள். டாங்கியின் அதே அடிச்சட்டம். கோபுரத்துக்குப் பதில் கிரேன், உள்ளே வின்ச், முன்னால் மண்ணில் ஊன்றும் அகலத் தகடு. அந்தத் தகடுதான் நங்கூரம். இழுக்கும்போது மீட்பு வண்டி நகராமல் அது மண்ணைக் கவ்விக்கொள்ளும். கிரேன் டாங்கியின் எஞ்சினையே தூக்கி மாற்ற உதவும். போலந்தின் வடிவமைப்பான டபிள்யூ.இசட்.டி.-3 வகை மீட்பு வண்டிகள் பொதுத்துறை நிறுவனமான பெமல் வழியாக இந்திய ராணுவத்துக்கு வந்தன. இவை டி-72 குடும்பத்தைச் சேர்ந்தவை.

இந்தக் கதையில் தமிழ்நாட்டின் பங்கு ஆவடியில் இருக்கிறது. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் தொடங்கப்பட்டது. 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. உள்ளூரில் இன்றும் அது டேங்க் ஃபேக்டரிதான். டி-72, டி-90, அர்ஜுன் என்று இந்தியாவின் டாங்கிகள் அங்கிருந்துதான் வெளிவருகின்றன. அதே ஆவடியிலுள்ள ராணுவ ஆய்வு நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ. வடிவமைத்த அர்ஜுன் மீட்புத் துறைக்குப் புதுத் தலைவலியைக் கொண்டுவந்தது. அதன் முதல் வடிவம் 58 டன்னுக்கு மேல். 2021-இல் 118 வண்டிகளுக்கு ஆணை தரப்பட்ட மார்க்-1ஏ வடிவம் ஏறத்தாழ 68 டன். 40 டன் வண்டிகளை மனதில் வைத்துக் கட்டிய மீட்பு வண்டி அதைச் சேற்றிலிருந்து எடுப்பது எளிதல்ல. அதனால் அர்ஜுனின் சட்டத்திலேயே ஒரு மீட்பு வண்டியை சி.வி.ஆர்.டி.இ.யும் பெமலும் சேர்ந்து உருவாக்கின. டாங்கி வாங்கும் செய்தி முதல் பக்கத்தில் வரும். அதை இழுக்கும் வண்டியை வாங்கினார்களா என்று யாரும் கேட்பதில்லை. கனமான டாங்கிக்கு ஈடான மீட்பு வண்டி இல்லாத ரெஜிமென்ட், முதல் மழையிலேயே பாதிப் பலத்தை இழந்துவிடும்.

டாங்கிதான் கண்ணைக் கவரும் என்றாலும், ரெக்கவரி மெக்கானிக்கின் அன்றாடம் பெரும்பாலும் லாரிகளோடுதான். அசோக் லேலண்டின் ஸ்டாலியன் லாரி ராணுவத்தின் சுமைதூக்கி. அதன் அடிச்சட்டத்தில் சிறிய மீட்பு வண்டியும் உண்டு. கனமானவற்றுக்கு எட்டுச் சக்கர டாட்ரா. மலைச்சாலையில் பள்ளத்தில் கவிழ்ந்த லாரியை நிமிர்த்த அதன் எடையில் பாதி விசை போதும். ஆனால் எதிர்ப்பக்கம் இன்னொரு கயிறைக் கட்டி விட்டுக்கொடுத்துக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் நிமிர்ந்த லாரி பொத்தென்று மறுபக்கம் விழுந்து அச்சை முறித்துக்கொள்ளும். காற்று பிரேக் உள்ள வண்டியில் காற்று இறங்கிவிட்டால் ஸ்பிரிங் தானே பிரேக்கைப் பூட்டிவிடும். அதை விடுவிக்காமல் இழுத்தால் டயர் தேய்ந்து கிழியும். நெடுந்தூரம் இழுப்பதாக இருந்தால் புரொபல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் எஞ்சின் ஓடாத வண்டியின் கியர் பெட்டிக்குள் எண்ணெய் சரியாகச் சுற்றாது. பிரேக் வேலை செய்யாத வண்டியைக் கயிறால் இழுப்பதும் கூடாது. இறக்கத்தில் அது முன்னால் போகும் வண்டியை இடிக்கும். அதற்குத்தான் இரும்பு டோ பார்.

ஆபத்துகளில் மிகக் கொடியது இறுகிய கம்பிக் கயிறு. அறுந்தால் அது சவுக்குப்போலச் சுழன்று ஆளை இரண்டாக்கும். அதனால் சில விதிகளில் விட்டுக்கொடுப்பே இல்லை. கயிறு இறுகும்போது அதைத் தாண்டக் கூடாது. கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரமாவது வேடிக்கை பார்ப்பவர்கள் தள்ளி நிற்க வேண்டும். கப்பியில் மடங்கும் கயிறின் உள்கோணத்தில் யாரும் நிற்கக் கூடாது. கைச்சைகை காட்டுபவர் ஒருவரே. ஆனால் 'நிறுத்து' என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் வின்ச் நிற்க வேண்டும். கயிறைத் தோல் உறை போட்ட கையால்தான் தடவிப் பார்ப்பார்கள். அறுந்த ஒரு நுண்கம்பி உள்ளங்கையைக் கிழித்துவிடும். போர்க்களமாக இருந்தால் கைவிடப்பட்ட வண்டியைத் தொடுமுன் கண்ணிவெடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே இறந்தவர்கள் இருக்கலாம். இதற்கு எந்தப் பாடப்புத்தகமும் ஒருவரை முழுதாகத் தயார் செய்வதில்லை.

நீர் இன்னொரு எதிரி. டாங்கிகள் ஆற்றைக் கடக்கும் பயிற்சியின்போது மீட்பு வண்டியும் தயார் நிலையில் இருக்க வேண்டும். 2024 ஜூன் 28 இரவு கிழக்கு லடாக்கில் சாசர் பிராங்சா அருகே ஷியோக் ஆற்றில் நீர்மட்டம் திடீரென உயர்ந்து ஒரு டாங்கி சிக்கியது. மீட்புக் குழுக்கள் விரைந்தும் வெள்ளத்தின் வேகத்தில் முயற்சி பலிக்கவில்லை. ஐந்து வீரர்கள் உயிரிழந்தார்கள். பனி உருகும் ஆற்றில் நிலைமை மாற அதிக நேரம் ஆவதில்லை என்பதால், கயிறு எங்கே, மீட்பு வண்டி எங்கே என்பதை ஆற்றில் இறங்குமுன் முடிவு செய்திருக்க வேண்டும்.

இழுத்து வந்த வண்டி எங்கே போகும் என்பது பழுதின் அளவைப் பொறுத்தது. ரெஜிமென்டோடு இருக்கும் சிறு பட்டறையில் முடிந்தால் அங்கேயே சரிசெய்வார்கள். முடியாவிட்டால் பி.எல்.ஆர்., அதாவது உள்ளூரில் பழுது நீக்க முடியாதது என்று குறித்து மேலே அனுப்புவார்கள். அடிமுதல் முடிவரை பிரித்துக் கோக்க வேண்டியவை தில்லி கன்டோன்மென்டின் 505 போன்ற ராணுவத் தலைமைப் பட்டறைகளுக்குப் போகும். செலவு கட்டுப்படியாகாது என்று தெரிந்தால் பி.இ.ஆர். என்ற மூன்றெழுத்தோடு அந்த வண்டியின் கதை முடியும். அதன் உடலிலிருந்து எடுத்த பாகங்கள் வேறு வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கும்.

கடலூர் மாவட்டத்து இளைஞர் இந்தத் தொழிலுக்குள் வர இன்றைய வாசல் அக்னிவீரர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டம். இந்த மாவட்டம் சென்னை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. தொழில்நுட்பப் பிரிவுக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் படித்து மொத்தத்தில் 50 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதமும் பெற்றிருக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் வழி உண்டு. கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள அரசு ஐ.டி.ஐ.களில் படிப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. முதலில் இணையவழி எழுத்துத் தேர்வு, பிறகு ஓட்டமும் உடல்தகுதியும், மருத்துவச் சோதனையும். சம்பளம் முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாயில் தொடங்கி நான்காம் ஆண்டு 40,000 ஆகும். நான்கு ஆண்டு முடிவில் 25 சதவீதம் பேர்வரைதான் நிரந்தரப் பணியில் தொடர முடியும். மற்றவர்கள் சேவா நிதித் தொகையோடு வெளியே வருவார்கள். ஒரு நல்ல ரெக்கவரி ஆள் உருவாகப் பல மழைக்காலம் பிடிக்கும் என்ற நிலையில், நான்கு ஆண்டு என்பது தொழிலின் வாசற்படியைத் தாண்டும் காலம்தான்.

எந்த வேலைப்பிரிவு என்பதை ஆள்சேர்ப்பில் விண்ணப்பதாரர் தானே தேர்ந்தெடுக்க முடியாது, ராணுவம்தான் ஒதுக்கும். இ.எம்.இ.க்கு ஒதுக்கப்பட்டவர்களின் பயிற்சி செகந்திராபாத், போபால் மையங்களில் தொடங்கும். தொழில் மேற்படிப்புகள் வதோதராவிலுள்ள இ.எம்.இ. பள்ளியில் நடக்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் பொறியியல் முடித்தவர்களுக்கு அதிகாரி வழி திறந்திருக்கிறது. குறுகிய காலப் பணி தொழில்நுட்பப் பிரிவில் தேர்வானால் அவர்களுக்குப் பயிற்சி தரும் அகாடமிகளில் ஒன்று சென்னைப் பரங்கிமலையிலேயே உள்ளது. இ.எம்.இ.யில் சேரும் அதிகாரிகள் பிறகு செகந்திராபாத்திலுள்ள ராணுவப் பொறியியல் கல்லூரிக்குப் போவார்கள்.

வெளியே வந்தவருக்கு இந்தக் கை வேலை வீணாவதில்லை. கனரக கிரேன், வின்ச், டிராக் வண்டி, ஹைட்ராலிக்ஸ் எல்லாம் தெரிந்த ஆள் துறைமுகத்துக்கும் சுரங்கத்துக்கும் காற்றாலை நிறுவும் நிறுவனங்களுக்கும் தேவைப்படுபவர். கடலூர் மாவட்டத்திலேயே நெய்வேலிச் சுரங்கத்தில் ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள வாளிச்சக்கர இயந்திரங்கள் தடங்களின் மேல்தான் நகர்கின்றன. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்துகொள்பவர்கள் வேலைவாய்ப்பில் தங்கள் ராணுவத் தொழிலுக்கு இணையான சிவில் தகுதியைக் குறிப்பிட வேண்டியிருக்கும். எனவே பணியில் இருக்கும்போதே கிரேன் இயக்குநர், கனரக வாகன ஓட்டுநர் உரிமங்களை எடுத்து வைத்துக்கொள்வது வழக்கம்.